ஒன்றரை நிமிடத்திலிருந்து இருபது வினாடிக்குள்: இணையத்தை வைத்துக் கியூப் பழகிய பதிவு

ரூபிக்ஸ் கியூபை எப்படியோ சேர்த்துவிடத் தெரியும், ஆனால் ஒன்றரை நிமிடத்துக்குக் கீழே நேரம் இறங்க மாட்டேன் என்கிறது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் அடுக்கு, நடு அடுக்கு, மேல் அடுக்கு என்று போகும் தொடக்கநிலை முறை பெரும்பாலானவர்களை அந்த இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தும். அங்கிருந்து என் சராசரி இப்போது இருபது வினாடிக்குள் வந்திருக்கிறது. வகுப்புக்குப் போகவில்லை, பணம் கட்டிப் பாடமும் வாங்கவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றை வைத்தே பழகினேன். எதை எதற்குப் பயன்படுத்தினேன், எது உண்மையிலேயே நேரத்தைக் குறைத்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

தேடினால் கிடைக்கும் பாடங்களுக்குப் பஞ்சமே இல்லை. காணொளிகள், அல்காரிதம் (ஒரு நிலையைச் சரிசெய்யும் திருப்பங்களின் வரிசை) பட்டியல்கள், டைமர்கள், பயிற்சிச் செயலிகள் என்று கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொண்டால் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும், கியூபைத் திருப்ப நேரம் இருக்காது. அதனால் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே ஒரு வேலை என்று பிரித்துக்கொண்டேன். அந்த வேலை முடிந்ததும் அதை மூடிவிடுவேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

வேகமாகச் சேர்ப்பவர்கள் பலரும் பயன்படுத்தும் சிஎஃப்ஓபி முறையில் ஒரு சால்வுக்கு, அதாவது கலைந்த கியூபை ஒருமுறை முழுதாகச் சேர்ப்பதற்கு, ஏறக்குறைய 60 திருப்பங்கள் ஆகும். நிற்காமல் வினாடிக்கு மூன்று திருப்பம் போட்டால் 20 வினாடியில் முடிந்துவிடும். வினாடிக்கு மூன்று என்பது பெரிய வேகமா என்று தெரிந்துகொள்ள, சேர்ந்திருக்கும் கியூபை எடுத்து ஆர் யூ ஆர்' யூ' என்ற நான்கு திருப்பத்தைத் தொடர்ந்து ஆறு முறை போட்டுப் பாருங்கள். ஆர் என்றால் வலது பக்கத்தைக் கடிகார திசையில் திருப்புவது, யூ என்றால் மேல் பக்கம், மேற்கோள் குறி இருந்தால் எதிர்த் திசை. ஆறு முறை முடிந்ததும் கியூப் தானாகவே பழைய நிலைக்கு வந்திருக்கும். மொத்தம் 24 திருப்பம். ஓரளவு பழகிய கைக்கு இது ஆறேழு வினாடிதான். அதாவது, வினாடிக்கு மூன்றுக்கு மேல் திருப்பும் கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம் ஏன் இந்த முறைக்கு மாறியவர்களுக்கும் 45 வினாடி, 50 வினாடி ஆகிறது? மீதி நேரமெல்லாம் கை நிற்கிறது, கண் தேடுகிறது. கியூப் அசையாமல் நிற்கும் அந்த நேரத்தைக் குறைப்பதுதான் இந்த முயற்சி முழுவதும் என் நோக்கமாக இருந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும், அது அந்தத் தயக்கத்தை எனக்குக் காட்டுகிறதா, குறைக்கிறதா என்று மட்டுமே பார்த்தேன்.

1982-இல் புடாபெஸ்டில் நடந்த முதல் உலகப் போட்டியில் மின் தாய் (Minh Thai) என்பவர் 22.95 வினாடியில் சேர்த்து வென்றார். அந்தக் காலத்துக் கியூப் இறுக்கமானது. காந்தம் கிடையாது, காணொளிப் பாடம் கிடையாது. அவரவர் முறையை அவரவரே தேடிக் கண்டுபிடித்த காலம் அது. அந்த 22.95-ஐ இன்று வீட்டில் உட்கார்ந்து பழகுகிற ஒருவர் எட்டிவிட முடிகிறது என்றால், இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ பேர் தாங்கள் கண்டுபிடித்ததை எழுதியும் படம் பிடித்தும் பொதுவில் வைத்ததுதான் காரணம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

டைமர்தான் முதல் கருவி

முதலில் திறந்தது சிஎஸ்டைமர். உலாவியிலேயே ஓடும், இணைப்பு இல்லாதபோதும் வேலை செய்யும். ஸ்பேஸ் விசையை அழுத்திப் பிடித்து விட்டால் நேரம் ஓடத் தொடங்கும், மறுபடி தொட்டால் நிற்கும். கைப்பேசியில் திரையைத் தொட்டால் போதும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அது தரும் ஸ்க்ராம்பிள், அதாவது கியூபைக் கலைப்பதற்கான திருப்பங்களின் வரிசை. கையால் கண்டபடி கலைத்தால் சில பீஸ்கள் ஒட்டியபடியே தங்கிவிடும், சில சால்வ்கள் சுலபமாக வந்துவிடும், நேரத்தை ஒப்பிடவே முடியாது. சிஎஸ்டைமர் கியூபின் 43,252,003,274,489,856,000 நிலைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுத்து, அந்த நிலைக்குக் கொண்டுபோகும் திருப்பங்களைக் கணக்கிட்டுத் தருகிறது. ஹெர்பர்ட் கோசியெம்பா வகுத்த இரண்டு கட்டத் தீர்வுமுறை இதுபோன்ற கணக்குகளுக்கு அடிப்படை. உலகக் கியூப் சங்கத்தின் போட்டிகளிலும் 3x3-க்கு இப்படிப்பட்ட ஸ்க்ராம்பிள்தான். ஆக, வீட்டில் எடுக்கும் நேரமும் போட்டியில் எடுக்கும் நேரமும் ஒரே தராசில் நிற்கும்.

ஒவ்வொரு நேரத்தோடும் அதன் ஸ்க்ராம்பிளும் சேமிக்கப்படுகிறது. இது பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன். போட்டியில் கணக்கிடுவது போலவே ஐந்து சால்வில் மிகச் சிறந்ததையும் மிக மோசமானதையும் விட்டுவிட்டு நடு மூன்றின் சராசரியைக் காட்டும். அன்றாட முன்னேற்றத்துக்கு அதைவிட நூறு சால்வின் சராசரியைப் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு நல்ல நேரம் வந்தால் மனம் துள்ளும், அது எதையும் சொல்லாது. நூறின் சராசரி மெதுவாகத்தான் நகரும், ஆனால் பொய் சொல்லாது.

அமைப்புகளில் 15 வினாடி முன்பார்வையை இயக்கிவிடுங்கள். போட்டியில் சால்வைத் தொடங்கும் முன் கியூபைப் பார்த்துத் திட்டமிட 15 வினாடி தருவார்கள். 8 வினாடியிலும் 12 வினாடியிலும் நடுவர் குரல் கொடுப்பார். சிஎஸ்டைமரிலும் அந்தக் குரலை வைத்துக்கொள்ளலாம். இன்னொன்று: நேரங்கள் எல்லாம் உங்கள் உலாவியில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். உலாவியின் தரவை அழித்தால் அவையும் போய்விடும். அவ்வப்போது கோப்பாக ஏற்றுமதி செய்து வைத்துக்கொள்வது அவசியம்.

முறையைத் தேர்ந்தெடுத்தது

மூன்று முறைகள் பரவலாகப் பேசப்படுகின்றன. சிஎஃப்ஓபி: முதலில் கிராஸ் (கீழ் முகத்தில் நான்கு எட்ஜ்களால் ஆன சிலுவை), பிறகு கார்னர்-எட்ஜ் (மூன்று நிற மூலை பீஸ், இரண்டு நிற ஓர பீஸ்) ஜோடிகளாக முதல் இரண்டு அடுக்கு, பிறகு மேல் முகத்தை ஒரே நிறமாக்குவது, கடைசியில் மேல் அடுக்கு பீஸ்களை இடம் மாற்றுவது. ரூ முறை: பிரான்சின் ஜில் ரூ வகுத்தது, இடதும் வலதும் இரண்டு பிளாக்குகளைக் கட்டிவிட்டு நடு வரிசையைத் திருப்பி முடிப்பது. திருப்பங்கள் குறைவு, அழகான முறை. இசட்இசட்: ஸ்பிக்னியெவ் ஸ்போரோவ்ஸ்கி வகுத்தது, எட்ஜ்களின் திசையை முதலிலேயே சரிசெய்துவிடுவது.

நான் சிஎஃப்ஓபியை எடுத்தேன். பாடங்கள் அதற்குத்தான் அதிகம், தொடக்கநிலை முறையிலிருந்து மாறவும் அதுவே சுலபம். இந்த முறையைப் பலருக்கும் கொண்டுசேர்த்தவர் ஜெசிகா ஃப்ரிட்ரிச். செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரானவர். 1990களிலேயே தன் முறையை இணையத்தில் எழுதி வைத்தார். கியூப் பைத்தியம் உலகமெங்கும் அடங்கிப்போயிருந்த நேரம் அது. யாரும் கேட்காதபோதே எழுதி வைத்தது எத்தனை பேருக்கு வழிவிட்டது!

முதல் இரண்டு அடுக்கு: இங்கேதான் நேரம் புதைந்திருக்கிறது

கிராஸுக்குப் பின் வரும் இந்தக் கட்டத்தை எஃப்2எல் என்பார்கள். ஒரு சால்வில் பாதி நேரத்தை இதுவே தின்றுவிடும். அதனால் நான் இதில்தான் அதிகம் உழைத்தேன், இங்கேயும் அதிகம் எழுதுகிறேன்.

எஃப்2எல்லுக்கு 41 நிலைகள் உண்டு, அவற்றுக்கெல்லாம் அல்காரிதம் பட்டியலும் கிடைக்கும். பட்டியலை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. மனப்பாடம் செய்தால் பீஸ் எங்கே போகிறது என்று தெரியாமலே கை ஓடும். அப்புறம் அடுத்த ஜோடியை எங்கே தேடுவது?

பேட்மெஃபிஸ்டோ என்ற பெயரில் ஒருவர் வெளியிட்ட பழைய யூடியூப் பாடங்கள் இந்த விஷயத்தைப் புரிந்துகொண்டு செய்யச் சொல்லித் தந்தவை. பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெயர் பெற்ற ஆந்த்ரே கார்ப்பதிதான் அவர். படம் இன்றைய தரத்துக்கு மங்கல், விளக்கம் இன்றும் தெளிவு. இப்போது தொடங்குபவர்களுக்கு ஜே பெர்ம் யூடியூப் சேனல் பொருத்தமாக இருக்கும். பேச்சு சுருக்கம், படம் துல்லியம், ஒரு காணொளியில் ஒரு விஷயம். இருமுறை உலகச் சாம்பியனான ஆஸ்திரேலியாவின் ஃபெலிக்ஸ் செம்டெக்ஸ் தொடங்கிய கியூப்ஸ்கில்ஸ் தளம் அடுத்த படி. அவர் ஏன் இந்த ஜோடியை முதலில் எடுக்கிறார் என்று சொல்லும் இடங்கள் பொன்னானவை.

புரிந்துகொண்டு செய்வது என்றால் என்ன என்று ஒரு நிலையை வைத்துக் காட்டுகிறேன். முன்-வலது மூலையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. அதற்கு உரிய கார்னர் நேர்மேலே நிற்கிறது, அதன் வெள்ளை (கிராஸின் நிறம்) வலப்பக்கம் பார்க்கிறது. அதற்கு உரிய எட்ஜ் மேல் அடுக்கின் பின்பக்கம் இருக்கிறது, முன்பக்க நிறம் மேலே பார்க்கிறபடி. இப்போது ஆர் மட்டும் போட்டு நிறுத்திப் பாருங்கள். கார்னர் பின்னால் போய் அந்த எட்ஜோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். யூ போடுங்கள்: ஒட்டிய ஜோடி அப்படியே முன்-வலதுக்கு வரும். ஆர்' போடுங்கள்: இரண்டும் சேர்ந்து கீழே இறங்கி இடத்தில் உட்காரும். மூன்றே திருப்பம்.

இன்னொரு நிலை, ஜோடி மேலேயே ஒட்டிக்கொண்டு முன்-வலதில் நிற்பது. அதற்கு யூ ஆர் யூ' ஆர்'. ஜோடியை ஓரமாக நகர்த்தி, இடத்தை மேலே தூக்கி, ஜோடியைத் திரும்பக் கொண்டுவந்து, இறக்குவது. மேல் அடுக்கில் கிடக்கும் மற்ற நிலைகள் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றுக்குக் கொண்டுவரப்படுபவைதான். இதை ஒவ்வொரு திருப்பத்துக்கும் நிறுத்தி, பீஸைக் கண்ணால் பின்தொடர்ந்து செய்து பார்த்தபோது எஃப்2எல் முழுவதும் எனக்கு ஒரே விஷயமாகத் தெரிய ஆரம்பித்தது.

புரிந்தபின் நேரம் உடனே குறையாது. முதலில் கூடும்! பழைய முறையில் 50 வினாடியில் முடித்தவருக்கு எஃப்2எல் போட ஆரம்பித்ததும் 70 ஆகும். இது எல்லோருக்கும் நடப்பது. அந்த நாட்களில் டைமரை மூடிவிட்டு எஃப்2எல்லை மட்டும் போட்டேன்: ஸ்க்ராம்பிள், கிராஸ், நான்கு ஜோடி, மறுபடி ஸ்க்ராம்பிள். மேல் அடுக்கைத் தொடவே இல்லை.

மெட்ரோனோம்

இந்த முயற்சியில் எனக்கு அதிகம் கொடுத்தது கியூப் தளமே அல்ல, இசைக்காரர்கள் பயன்படுத்தும் மெட்ரோனோம். உலாவியில் தேடினாலே கிடைக்கும். நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு திருப்பம். தட்டு விழும்போது திருப்பியே ஆக வேண்டும், நிற்கக் கூடாது, முந்தவும் கூடாது.

இதில் ஒரே ஒரு விதி: கை எந்த ஜோடியை உள்ளே இறக்குகிறதோ அதைக் கண் பார்க்கக் கூடாது. அடுத்த ஜோடியைத்தான் பார்க்க வேண்டும். வினாடிக்கு ஒரு திருப்பம் என்றால் கண்ணுக்கு நிறைய அவகாசம் கிடைக்கும். மூன்று திருப்பத்தில் ஒரு ஜோடியை இறக்குவதற்குள் அடுத்த கார்னர் தென்பட்டுவிடும், சில நேரம் அதன் எட்ஜும் தென்படும். தாளம் தப்பாமல் நான்கு ஜோடியும் போட வந்ததும் 70, பிறகு 80, பிறகு 100 என்று ஏற்றினேன். தாளம் தப்பினால் பத்துத் தட்டு இறக்குவேன். கேட்பதற்குச் சலிப்பான பயிற்சி போலத் தோன்றும். செய்யும்போது சலிக்காது, ஏனென்றால் முன்பு தெரியாமல் ஓடிப்போன பீஸ்கள் கண்ணில் பட ஆரம்பிக்கும். அந்த உணர்வுக்காகவே தினமும் உட்காரலாம்.

என் சால்வை நானே படம் பிடித்தது

சராசரி 30-ஐ ஒட்டி வந்து நின்றது. அங்கே என்ன செய்தாலும் நகரவில்லை. புதிய காணொளி எதுவும் பார்க்காமல், கைப்பேசியைப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்து என் கைகளைப் படம் எடுத்தேன். பொதுவில் வெளியிடாமல் யூடியூபில் ஏற்றிக்கொண்டால் ஒரு வசதி உண்டு: கணினியில் காணொளியை நிறுத்தி வைத்து முற்றுப்புள்ளி விசையை அழுத்தினால் ஒரு ஃபிரேம் முன்னால் போகும், காற்புள்ளியை அழுத்தினால் ஒரு ஃபிரேம் பின்னால். வேகத்தைக் கால்வாசியாகவும் குறைக்கலாம்.

31 வினாடி ஆன ஒரு சால்வை இப்படிப் பிரித்தேன். கிராஸ் 4 வினாடி, எஃப்2எல் 17, மேல் அடுக்கு 10. எஃப்2எல்லின் 17 வினாடியில் கை நின்றிருந்த நேரத்தை மட்டும் தனியாகக் கூட்டினால் 8 வினாடி. கிராஸ் முடிந்து முதல் ஜோடிக்கு முன் 1.8, இரண்டாவதுக்கு முன் 1.5, மூன்றாவதுக்கு முன் 2.7, நான்காவதுக்கு முன் 2. மேல் அடுக்கில் 3 வினாடியும் கிராஸில் 1 வினாடியும் நின்றிருக்கிறது. ஆகமொத்தம் 12 வினாடி கியூப் சும்மா கையில் இருந்தது. திருப்பியது 19 வினாடிதான். நான் தேடிக்கொண்டிருந்த இருபது வினாடி அந்த 31-க்குள்ளேயே இருந்தது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாவது ஜோடிக்கு முன்னாலான 2.7 வினாடியை ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தால் காரணம் தெரிந்தது. தேடிய எட்ஜ் பின்பக்க இடத்தில் மறைந்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கக் கியூபை இருமுறை முழுதாகச் சுழற்றியிருந்தேன். இதற்கு மருந்து பாடங்களில் எல்லோரும் சொல்வதுதான்: பின்பக்க இரண்டு இடங்களை முதலில் நிரப்பிவிடு. அப்படிச் செய்தால் மீதி காலியிடங்கள் முன்னால், கண்ணுக்கு நேரே இருக்கும். கேள்விப்பட்டது வேறு, என் சால்விலேயே 2.7 வினாடியாகப் பார்த்தது வேறு. அன்றிலிருந்து பின்பக்கம் முதலில் என்பது எனக்கு விதியாகிவிட்டது.

அடுத்து, சிஎஸ்டைமர் சேமித்து வைத்திருந்த அந்த ஸ்க்ராம்பிளை எடுத்து ட்விஸில் என்ற தளத்தில் போட்டேன். திருப்பங்களை எழுதினால் கியூப் படமாக அசைந்து காட்டும் தளம் அது. காணொளியைப் பார்த்து என் சால்வின் ஒவ்வொரு திருப்பத்தையும் எழுதினேன். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் எழுதி முடித்ததும் கிராஸுக்கு எத்தனை, ஒவ்வொரு ஜோடிக்கும் எத்தனை திருப்பம் என்று பளிச்சென்று தெரியும். நான்கு திருப்பத்தில் போக வேண்டிய ஜோடிக்கு பத்துத் திருப்பம் செலவானது, தேவையில்லாமல் கியூபைச் சுழற்றியது எல்லாம் எழுத்தில் நிற்கும். உலகத் தரப் போட்டியாளர்களின் சால்வ்களையும் இதேபோல் எழுதி வைத்திருக்கும் தொகுப்புகள் இணையத்தில் உண்டு. என் சால்வை எழுதிப் பழகிய பிறகு அவற்றைப் படிப்பது நல்லது. அப்போதுதான் அவர்கள் ஒரு ஜோடியை இறக்கும்போதே அடுத்ததைச் சேர்த்துக்கொண்டு போவது புரியும்.

மேல் அடுக்கும் அல்காரிதம் அட்டைகளும்

மேல் அடுக்குக்கு மனப்பாடம் தவிர்க்க முடியாதது. முழுதாகக் கற்றால் ஓஎல்எல் (மேல் முகத்தை ஒரே நிறமாக்கும் கட்டம்) 57, பிஎல்எல் (மேல் அடுக்கு பீஸ்களை இடம் மாற்றும் கட்டம்) 21. எடுத்தவுடனே 78 என்று மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்துச் செய்தால் ஓஎல்எல்லுக்கு 10, பிஎல்எல்லுக்கு 6, மொத்தம் 16 போதும். இந்த 16-ஐ வைத்தே இருபது வினாடியை எட்டுபவர்கள் உண்டு. நான் பிஎல்எல் 21-ஐயும் முடித்தேன், ஓஎல்எல்லை இன்னும் இரண்டாகப் பிரித்துத்தான் செய்கிறேன்.

ஒரே நிலைக்குப் பல அல்காரிதங்கள் இருக்கும். ஸ்பீட்கியூப்டிபி தளத்தில் ஒவ்வொரு நிலைக்கும் வரிசையாகக் கிடைக்கும். திருப்பங்கள் குறைவானதை எடுக்காமல், விரலுக்கு ஓடுவதை எடுங்கள். மூன்று நான்கைக் கையால் போட்டுப் பார்த்து, எதில் பிடியை மாற்றாமல் முடிக்க முடிகிறதோ அதை வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வொன்றையும் ஓர் அட்டையில் என் கை பிரிக்கிறபடியே துண்டு துண்டாக எழுதினேன்.

அப்படி எழுதும்போது கிடைத்த ஒன்று. பிஎல்எல் நிலைகளை ஆங்கில எழுத்தின் பெயரால் டி பெர்ம், ஜே பெர்ம் என்று சொல்வார்கள். டி பெர்ம் இது: ஆர் யூ ஆர்' யூ' - ஆர்' எஃப் - ஆர்2 யூ' ஆர்' - யூ' - ஆர் யூ ஆர்' எஃப்'. எஃப் என்றால் முன்பக்கம், 2 என்றால் அரைச்சுற்று. ஜே பெர்ம்களில் ஒன்று இது: ஆர் யூ ஆர்' எஃப்' - ஆர் யூ ஆர்' யூ' - ஆர்' எஃப் - ஆர்2 யூ' ஆர்' - யூ'. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். டி பெர்மின் கடைசி நான்கு திருப்பத்தை அப்படியே முன்னால் கொண்டுவந்தால் ஜே பெர்ம்! ஒன்று கைக்கு வந்துவிட்டால் இன்னொன்று ஏறக்குறைய இலவசம். பட்டியலை வரிசைப்படி மனப்பாடம் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட உறவுகள் தெரிவதே இல்லை. துண்டுகளாக எழுதினால் தாமாகவே தெரியும்.

நினைவில் நிறுத்த இரண்டு கருவிகள். ஒன்று ஆன்கி என்ற செயலி. மறக்கும் தறுவாயில் இருக்கும் அட்டையை மறுபடி காட்டும். அட்டையின் ஒரு பக்கம் மேல் அடுக்கின் படம், மறுபக்கம் என் துண்டுகள். இன்னொன்று ஜே பெர்ம் தளத்திலேயே உள்ள பயிற்சிப் பகுதி. நீங்கள் தேர்ந்தெடுத்த நிலைகளை மட்டும் மாற்றி மாற்றித் தரும். மேல் அடுக்கில் பாதி நேரம் அடையாளம் காண்பதில்தான் போகிறது, அதற்கு இந்தப் பயிற்சி கைகொடுத்தது. கற்கும் வரிசைக்கு ஒரு யோசனை: எச் பெர்மும் இரண்டு என் (N) பெர்ம்களும் 72 சால்வுக்கு ஒருமுறை என்ற கணக்கில்தான் வரும், பெரும்பாலானவை 18-க்கு ஒருமுறை வரும். எச் சுலபம், இரண்டாகப் பிரித்துச் செய்யும்போதே வந்துவிடும். நீளமான N பெர்ம்களைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம்.

கியூபைப் பற்றிக் கொஞ்சம்

காந்தம் வைத்த கியூப் எதுவானாலும் போதும். விலை உயர்ந்ததைத் தேடி மதிப்புரைக் காணொளிகளில் மூழ்க வேண்டியதில்லை. ஆறு நடு மூடிகளைக் கழற்றி, திருகுகளை ஒரே அளவில் வைப்பது முக்கியம். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் திருப்பும்போது சிக்கும். கியூபுக்கென்று விற்கும் சிலிகோன் எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். பெட்ரோலியம் கலந்த எண்ணெய்கள் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும், அவை வேண்டாம். பீஸ் தெறித்து விழுந்து திரும்ப மாட்டியபின் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கார்னர் மட்டும் திரும்பி நின்றால், கார்னர் தன் இடத்திலேயே முறுகியிருக்கிறது என்று அர்த்தம். எந்த அல்காரிதமும் அதைச் சரிசெய்யாது, கையாலேயே திருகிவிட வேண்டியதுதான். பீஸ்களை முழுதும் பிரித்துக் கண்டபடி மாட்டினால் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான் சேர்க்கக்கூடிய நிலையில் அமையும்.

ஒதுக்கிவைத்தவை

நிறங்களைக் கொடுத்தால் விடை சொல்லும் சால்வர் தளங்கள் கற்பதற்கு உதவாது. எந்த நிலையையும் 20 திருப்பத்துக்குள் சேர்க்கலாம் என்று 2010-இல் டாமஸ் ரோகிக்கியும் கோசியெம்பாவும் இன்னும் இருவரும் கணினியைக் கொண்டு நிறுவினார்கள். அற்புதமான சாதனை. ஆனால் அந்த 20 திருப்பமும் மனிதக் கண்ணுக்குக் காரணம் தெரியாத பாதை, அதைப் பார்த்துப் பழக எதுவும் இல்லை. சாதனைக் காணொளிகளும் அப்படித்தான். 2023 ஜூனில் மாக்ஸ் பார்க் 3.13 வினாடியில் சேர்த்ததைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும், கற்பதற்கு அது கண்ணில் நிற்காமல் ஓடிவிடும்.

ஒரே ஒரு சால்வர் மட்டும் விதிவிலக்கு: சிஎஸ்டைமருக்குள் இருக்கும் கிராஸ் சால்வர். எந்த ஸ்க்ராம்பிளிலும் கிராஸை 8 திருப்பத்துக்குள் முடிக்கலாம், பெரும்பாலும் 7-க்குள்ளேயே முடியும். நான் முன்பார்வையில் 10 திருப்பத் திட்டம் போட்டிருந்தால், சால்வ் முடிந்ததும் அது காட்டும் 6 திருப்ப வழியைக் கியூபில் போட்டுப் பார்ப்பேன். எந்த இரண்டு எட்ஜ்களை அது ஒரே திருப்பத்தில் சேர்த்து நகர்த்துகிறது என்று கவனித்தால் அடுத்த கிராஸில் அது நினைவுக்கு வரும்.

இப்போது செய்துகொண்டிருப்பதும் கிராஸ்தான். 15 வினாடி பார்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கிராஸைப் போட்டு, பிறகு கண்ணைத் திறப்பது. நான்கு எட்ஜும் சரியாக நின்றால், அதே ஸ்க்ராம்பிளை மறுபடி போட்டு, இந்த முறை ஒரு கார்னரையும் கூடவே பின்தொடர்கிறேன். கிராஸ் முடியும்போது அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால், முதல் ஜோடிக்கு முன் நின்ற அந்த 1.8 வினாடி போய்விடும். இது கைக்கு வந்தபின்தான் ஓஎல்எல்லின் மீதி நிலைகள். அதற்கு வேண்டிய அட்டைகளை வடிவம் வாரியாக எழுத ஆரம்பித்திருக்கிறேன், முதலில் டி வடிவம் இரண்டும்.